நூறடி அந்தாண்ட

மாலைநேர இறையியல் பட்டயம், இரண்டாம் பருவம்.
முப்பத்தோரு விடைத்தாள், ஒரு சிவப்புப் பேனா,
வேளச்சேரியில் ஏழு மணிக்கே போன மின்சாரம்.
மெழுகுவர்த்தியில் திருத்துகிறேன்.
நவீன இறையியலுக்கு இந்த வெளிச்சம் போதும்.

ஏழாவது வினா நானே எழுதியது:
'தொன்மம் பொய்யா? சான்றுடன் விவாதிக்க.' பத்து மதிப்பெண்.
விடைக்குறிப்பும் என்னுடையதே.
குறியீடு என்று எழுதினால் இரண்டு,
நடந்தது வேறு, பொருள் வேறு என்றால் ஐந்து,
கொட்டாங்கச்சியை எறிந்துவிட்டுப் பருப்பை எடுப்பதுபோல
கதையை நீக்கிச் செய்தியை எடுக்கலாம் என்றால்
முழுசாகப் பத்து.
அந்தத் தேங்காயை வகுப்பில் உடைத்தவனும் நான்தான்.
இருபத்தெட்டுப் பேர் சில்லு பொறுக்கி
எனக்கே திருப்பித் தந்திருக்கிறார்கள்.

இருபத்தொன்பதாவது தாள், அடைக்கலமேரி.
நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவள். கடைசி பெஞ்சு.
கேள்வி கேட்டதில்லை, தூங்கியதுமில்லை.
ஓரத்தில் ஐஸ் கணக்கு: ஆறு பார், பாக்கி நானூற்று இருபது.
அதை அடித்துவிட்டுக் கீழே தொடங்குகிறாள்.

'சார், தொன்மம் என்ற வார்த்தை போன ஜூனில்தான் தெரியும்.
தூண் பிறந்ததிலிருந்து தெரியும்.
சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் நிற்கிறது.
ஊரே சேர்ந்து இழுத்தும் அசையாத மரத்தைத்
தோமையார் இடுப்புக் கயிற்றால் இழுத்து வந்து நட்டார்,
கடலே, இதைத் தாண்டாதே என்றார் என்பார்கள்.
சுனாமி அன்று கடல் தாண்டவில்லை.
அது மெய்.
நாங்கள் தூணுக்குக் கிழக்கே இருந்தோம்.
அதுவும் மெய்.

மதினி வீட்டில் இரண்டு பேர்.
பெயர் எழுதவில்லை, மார்க்குக்காக எழுதியதுபோல் ஆகிவிடும்.
மூன்றாம் நாள் மதினி தூணிடம் போனாள்.
மெழுகுவர்த்தி ஏற்றவில்லை. செருப்பைக் கழற்றவில்லை.
"ஏன்யா தோமையாரே,
இன்னும் நூறடி அந்தாண்ட நட்டிருந்தா
இன்னா கொறஞ்சா பூட்டிருப்ப?"
பொழுது சாயும்வரை திட்டினாள்.
பிறகு அதிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள்.
பொய்யோடு யாராவது சண்டை போடுவார்களா சார்?
நேரம் முடிந்தது.'

விடைக்குறிப்பைப் புரட்டினேன்.
திட்டுவதற்கு மதிப்பெண் ஒதுக்கியிருக்கவில்லை.

வெள்ளம் வந்த டிசம்பரில்
எங்கள் வீட்டு மூன்றாம் படியோடு தண்ணீர் நின்றது.
ஏரியில் எத்தனை கனஅடி திறந்தார்கள், எப்போது அடைத்தார்கள்,
எல்லாம் எனக்கு மனப்பாடம்.
வருகிறவர்களிடம் நான் சொல்வதோ
அந்தப் படியில் எஸ்தர் நின்று முணுமுணுத்ததைத்தான்.
என்ன முணுமுணுத்தாள் என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஆறு போட்டேன். அடித்தேன்.
எட்டு போட்டேன். அடித்தேன்.

சனிக்கிழமை பேருந்தில் போனேன்.
குடத்துச் சாம்பலிலிருந்து ஒரு பெண் எழுந்துவந்த
மயிலாப்பூரில் சிக்னல் விழுந்தது.
பாக்கிச் சில்லறைக்கு நடத்துநரோடு ஒருவர் தகராறு.
வேறு எதற்கும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தூண் நான் நினைத்திருந்ததைவிட ஒல்லி.
அதிலிருந்து கிழக்கே, மணலில்,
குதிகாலோடு விரல் ஒட்டி அடியடியாய் எண்ணினேன்.
அறுபதில் ஒரு படகு, சுற்றிப் போனேன்.
நூறில் ஒரு வலைக்குவியல், அதன்மேல் உட்கார்ந்து
பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்.

'இன்னா சார் அளக்கறே?'
சும்மா என்றேன்.
'கார்ப்பரேசனா?'
இல்லை என்றேன்.

அவள் நம்பவில்லை.
வலையின் நுனியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.